திங்கட்கிழமை மூச்சு

ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறைக்கும் மூச்சுப் பரிசோதனை அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே பரிசோதனை செய்யும் ஊதக்காவின் குரலுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க. இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க!" காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மதியம்வரை இதே பாட்டுத்தான். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். அக்காவின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

ஊதத் தெரியாமல் முழிப்பவர்களுக்கு அக்கா பொறுமையாக விளக்குவார். "நுரையீரலுக்குத் தானா காத்தை இழுக்கத் தெம்பு கிடையாதுங்க. நெஞ்சுக்கூட்டுக்கு அடியில ஒரு சதைத் தட்டு இருக்கு. அது கீழ இறங்கினா உள்ள இடம் விரியும், காத்து தன்னால வரும். வந்த காத்து குழாய் குழாயா பிரிஞ்சு, கடைசில கண்ணுக்கே தெரியாத குட்டிப் பைகள்ல போய் நிக்கும். பையோட சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. நல்ல காத்து அங்க போகும், கெட்ட காத்து இங்க வரும்." ஒருமுறை ஒரு பெரியவர், மொத்தத்தையும் ஊதிவிட்டால் உயிர் போய்விடாதா என்று கேட்டார். "எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல உள்ளயேதான் நிக்கும். அதையும் எடுக்கணும்னா உங்க சம்சாரத்தாலதான் முடியும்" என்றார் அக்கா. அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கவைக்கும் இந்த மனுஷிதான் தன் அம்மாவுக்கும் அதே நாற்காலியில் பரிசோதனை செய்தார். அந்த அம்மாவுக்குக் குட்டிப் பைகளின் சுவர் தடித்து, நுரையீரலே இறுகிப்போகும் நோய். ரெண்டரை லிட்டர், ரெண்டே கால், ஒன்றரை என்று மாதாமாதம் இறங்கிய எண்களை மகளே எழுதினார். கடைசியில் எழுத எதுவும் இல்லை.

மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் திங்கள்தோறும் இரண்டு சோதனை உண்டு. முதலில் மூன்று லிட்டர் காற்றைத் தள்ளும் பெரிய சிரிஞ்சால் அடிக்க வேண்டும். பிறகு ஆரோக்கியமான ஆள் ஒருவர் ஊத வேண்டும். அந்த ஆரோக்கியமான ஆள் எப்போதும் அக்காதான். சில வருடங்களாக அவருடைய எண் ரெண்டு புள்ளி ஒன்பது. வாரத்துக்கு வாரம் அசையாது.

ஒரு திங்கட்கிழமை அது ரெண்டரை என்று காட்டியது. மூன்று தடவை ஊதிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"மெஷினுக்கு ஏதோ ஆயிடுச்சு, போட்டோக்காரரே."

"சிரிஞ்ச் என்னக்கா சொல்லுது?"

"அதால அடிச்சா மெஷின் மூணுன்னுதான் காட்டுது. ஆனா போன வாரம் சிரிஞ்ச் கீழ விழுந்துச்சே, உள்ள தடுப்பு வளையம் நகர்ந்திருக்கும். மூணுக்கு மேல தள்ளுது. அதான் மெஷின் குறைச்சுக் காட்டுறது வெளிய தெரியல."

ஒரு மாதமாக அக்கா மாடிப்படி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று, பைக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அதை அப்போதே கேட்டிருக்கலாம். "ஆமாக்கா, சிரிஞ்சாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நான் கோழை. இதற்கு வேறு நல்ல வார்த்தை கிடையாது.

புது சிரிஞ்சுக்கு எழுதிப் போட்டார். அது வரும்வரை தன் நெஞ்சையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். மெஷின் காட்டும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அதில் திருத்த எண் என்று ஒன்று உண்டு. தன் மூச்சு ரெண்டு புள்ளி ஒன்பது காட்டும்வரை அதைக் கூட்டி வைத்தார்.

அன்றிலிருந்து யார் வந்து ஊதினாலும் நல்ல எண்ணாகவே வந்தது. மாவு மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். மாவுத்தூசியால் மூச்சுக்குழாய் சுருங்கி, இரண்டு மாதமாக வீட்டோடு இருந்தவர். அவருடைய எண்ணும் ஏறியிருந்தது. சீட்டைப் பார்த்த டாக்டர், வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவர் நடைபாதையில் நின்று சந்தோஷமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் அருகில் இருந்தேன். அவர் நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது திங்கட்கிழமை, கூட்டி வைத்த மெஷினிலேயே அக்காவின் எண் ரெண்டு புள்ளி ஏழுக்கு இறங்கியது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் அடிக்கடி நின்று நின்று வந்தது.

புதன்கிழமை புது சிரிஞ்ச் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை, ஆட்கள் வருமுன் என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நேரம் கூட இருங்க. தனியா பிரிக்கப் பயமா இருக்கு."

பிரித்தோம். நான்தான் சிரிஞ்சைத் தள்ளினேன். மூன்று லிட்டர் காற்றுக்கு மெஷின் மூன்று புள்ளி நாலு எட்டு என்றது. மறுபடி தள்ளினேன். அதே எண்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மெஷின் முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

"வீட்ல சொன்னீங்களாக்கா?"

"சொன்னா என் வீட்டுக்காரர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. அம்மா எப்படிப் போனாங்கன்னு அவரும் கூட இருந்து பாத்தவருதானே. எந்த வாயால சொல்றது?"

நோட்டைப் புரட்டினார். அந்த ஐந்து வாரத்தில் தொண்ணூற்று நாலு பேர் ஊதியிருந்தார்கள். இனி மூடி மறைக்க வழியில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிட மெஷினைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்துவிட்டு, விதிப்படி அக்காதான் ஊத வேண்டும். அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவு நாளும் அவர் ஓடி ஒளிந்தது அதிலிருந்துதான்.

"நாளைக்குப் பாத்துக்கலாமேக்கா" என்றேன். என் பயத்தில் சொன்னேன்.

"நாளைக்குள்ள அந்த மில்காரர் இன்னும் எத்தனை மூட்டை மாவை இழுப்பாரோ" என்றார் அக்கா. திருத்த எண்ணைப் பழையபடி மாற்றினார். மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் வைத்து, என்னைப் பார்த்தார்.

கத்துவதற்கு ஆள் வேண்டுமே. நான் கத்தினேன். "இழுங்கக்கா. இன்னும் கொஞ்சம். இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க..." அவர் ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் மெஷின் திரையில் கோடு படுத்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை ஊதியும் அதற்கு மேல் போகவில்லை.

ரெண்டு புள்ளி மூன்று.

அக்கா அதை நோட்டில் தன் கையாலேயே எழுதினார். எனக்குக் கண் கலங்கியது. அவர் அழவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் தானே சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் இதையாவது செய்துவிடுகிறேன் என்று போனை எடுத்தார். முதல் அழைப்பு மில்காரர் வீட்டுக்கு. அவர் மனைவி எடுத்தார். ஊருக்கே கேட்கும் குரல், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அவரு வேலைக்குப் போயிட்டாருங்க. நீங்கதான் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டீங்களே, ரெண்டு ஷிப்டு சேத்துப் பாக்குறாரு."

"அந்த நம்பர் தப்பும்மா. மெஷின் மேல தப்பில்ல, என் மேலதான்."

"பயப்படுற மாதிரி ஏதாவதுங்களா?" அந்தக் குரல் இப்போது மெதுவாக வந்தது.

அக்கா பதில் சொல்ல மூச்சை இழுத்தார். அது பாதியில் இருமலாக உடைந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆமாம்மா. இப்பவே மில்லுக்குப் போய் அவரை வெளிய கூட்டிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

போனை வைத்துவிட்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் தொண்ணூற்று மூன்று பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது.