சம்பந்தியம்மா பார்த்த சிவப்பு விளக்கு

1. வயிற்றுக்கு முன்னால் உருண்டை

போளூர் பொன்னுச்சாமி ஐயா காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பலூனைப் புடுங்கி எடுத்துருவீங்களா?"

"எந்தப் பலூனுங்க?"

"ஏர்பேக்குங்க. எனக்கு வேணாம். மொத்தமா கழட்டிருங்க."

டிப்ளமோ முடித்து கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பிரேக் சூடாகிறது, க்ளட்ச் வழுக்குகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மலையில் வரும் புகார்கள் இவைதான். ஏசி வேலை செய்யவில்லை என்று எங்கள் ஊரில் யாரும் வருவதில்லை. ஏர்பேக்கைக் கழற்றச் சொல்லியும் அதுவரை யாரும் வந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் குஷி. வண்டிக் கம்ப்யூட்டரில் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் ஆறு மாதமாகக் கையில் இருந்தும், பிரேக் ஷூவைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பழைய செடான். கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் பூண்டு விவசாயம் செய்கிறவர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சாவியைத் திருப்பச் சொன்னேன். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்து அணைந்தன. ஏர்பேக் விளக்கு மட்டும் சிவப்பாக நின்றது.

"எதுக்குங்கய்யா கழட்டணும்? சரி பண்ணிக்கலாமே."

அவர் அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மகள் சங்கீதாவைப் பழனியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை கார்த்தி வீட்டில் பஞ்சாமிர்தம் தயாரித்து விற்கிறார்கள். சங்கீதாவுக்கு இப்போது ஏழாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிந்த கையோடு பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி இந்த வண்டியில் முன் சீட்டில் ஏறியிருக்கிறார்.

"ஏறுனதும் கேட்டாங்க தம்பி, 'அண்ணே, இந்த லைட்டுல உக்காந்திருக்கது யாருண்ணே? வயித்துக்கு முன்னாடி உருண்டையா இருக்கே'ன்னு. நான் இத்தன வருசமா அதைப் பாத்ததே இல்ல. உத்துப் பாத்தா, ஆமா, புள்ளத்தாச்சி உக்காந்திருக்க மாதிரியே இருக்கு! 'அவ மேல இப்பிடிச் செவப்பா எரியுது, இதுல என் மருமகள மலை ஏத்தப் போறீங்களா'ன்னுட்டாங்க."

நானும் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கும் அது வேறு மாதிரி தெரிவதே இல்லை.

"அதோட விட்டாலும் பரவால்ல. மாப்பிள்ளையோட கூட்டாளி ஒருத்தரு, அந்த லைட்டு எரிஞ்சா பலூனு எப்ப வேணா தன்னால வெடிக்கும்னு சொல்லிட்டாரு. வெடிச்சா நேரா வயித்துலதான? 'பிரசவமும் இங்கயே நடக்கட்டும்'னு முடிவா சொல்லிட்டாங்க."

"வாடகைக் கார்ல கூட்டிட்டு வரலாமேங்க?"

"அன்னைக்கு ஒரு நாளு வாடகைக்காரு வருவாரு. அதுக்கப்புறம் செக்கப்புக்கு? வலி வந்தா? இந்த வண்டியிலதான தம்பி தூக்கிப் போட்டுட்டு ஓடணும்? தலைப்பிரசவம். அவங்கம்மா இப்பயே பழைய சேலையெல்லாம் தொவச்சு மடிச்சு வச்சிருக்கா."

நான் விளக்கினேன். விளக்கு எரிந்தால் ஏர்பேக் வெடிக்கப்போகிறது என்று அர்த்தமில்லை. சிஸ்டத்தில் எங்கோ கோளாறு என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்ப வெடிக்காதா?"

"வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்காமப் போயிரலாங்க. அதான் பயம்."

அவர் முகம் தெளியவில்லை. ஒரு பயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டேன் போல.

2. ஹார்ன் அடித்ததும் வந்தவர்

ஒர்க்‌ஷாப் ஓனர் முத்தையா அண்ணன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார். ஆனால் ஏர்பேக் என்றால் ஆகாது. ஏர்பேக் லைனில் வயர் உறை, கனெக்டர் எல்லாம் மஞ்சள் நிறத்தில் இருக்கும், யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதென்று.

"ஏலே, மஞ்சளைக் கண்டா மாரியாத்தான்னு கும்புட்டு ஒதுங்கிப் போயிரணும். நீ பாட்டுக்கு டெஸ்ட் லைட்டை வச்சு நோண்டி, கூரையோட போயிராதடா."

"டெஸ்ட் லைட் வைக்கவே கூடாதுண்ணே, அந்தக் கரண்டுலயே வெடிச்சிரும். பேட்டரி நெகட்டிவ்வக் கழட்டிட்டு, உள்ள இருக்க சார்ஜ் எறங்குற வரைக்கும் காத்திருந்துதான் தொடுவேன்."

"என்னமோ பண்ணு. நான் டீக்கடையில இருக்கேன். உசுரோட முடிச்சேன்னா ஹார்ன் அடி, வர்றேன்."

அவர் ரோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். நான் முதல் வேலையாக ஹார்னைத்தான் அடித்தேன். டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

"முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?"

"இல்லண்ணே. ஹார்ன் செக் பண்ணேன்."

அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் காரணம் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருள் சுருளாக ஸ்பைரல் கேபிள் என்று ஒன்று உண்டு. டிரைவர் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் அது வழியாகத்தான் லைன் போகும். நம் மலைப்பாதையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து ஒடித்து அது சீக்கிரம் அறுந்துபோகும். அறுந்தால் ஏர்பேக் விளக்கு எரியும், பெரும்பாலும் ஹார்னும் சேர்ந்து போய்விடும். இங்கே ஹார்ன் ஊரைக் கூட்டியது. ஆக, சந்தேகம் வேறு பக்கம் போனது.

ஸ்கேனரைப் போட்டேன். இடது முன் சீட், பெல்ட் ப்ரீடென்ஷனர், ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அதிகம் என்று எரர் கோட் வந்தது. மோதுகிற நொடியில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கி ஆளைப் பிடித்துக்கொள்ளும் பாகம்தான் ப்ரீடென்ஷனர். இந்த மாடலில் அது பெல்ட் மாட்டும் பக்கிளோடு சேர்ந்தே இருக்கும். கனெக்டர் சீட்டுக்கு அடியில். அந்த எரர் கோடை அழித்துப் பார்த்தேன். உடனே திரும்ப வந்தது.

பேட்டரியைக் கழற்றினேன். காத்திருந்துவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி அடியில் தலையை விட்டேன்.

போளூர் வண்டி என்றால் பூண்டு நாற்றம் மூக்கைத் துளைக்கும் என்று எதிர்பார்த்தேன். இனிப்பும் புளிப்புமாக, ஏலக்காய் கலந்து வேறொரு வாசனை. கனெக்டர் மேல் பழுப்பாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. அதில் சாரி சாரியாகச் செத்த எறும்புகள். பிரித்ததும், சீட் பக்கத்துப் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

வெளியே வந்து கையை மோந்து பார்த்தேன். பஞ்சாமிர்தம்.

பொன்னுச்சாமி ஐயா தலையில் கை வைத்தார். "சம்பந்தியம்மா குடுத்தது தம்பி. எப்பப் போனாலும் டப்பா டப்பாவா குடுத்து விடுவாங்க. மலை வளைவுல உருளும்னு அவங்களே சீட்டுக்கடியில தள்ளி வைப்பாங்க. போன தடவ ஒண்ணு மூடி தொறந்து கெடந்துச்சு. மேலோட தொடச்சேன். இம்புட்டு தூரம் போகும்னு யாரு கண்டா?"

அந்த எறும்புகளைப் பார்த்ததும் முத்தையா அண்ணனுக்குக் கோபம் போய்விட்டது. "பழனியாண்டவரே வண்டிக்குள்ள வந்திருக்காரு, அப்பறம் எதுக்குங்க ஏர்பேக்கு?" என்றார்.

3. அணைந்த விளக்கு

கோளாறு ப்ரீடென்ஷனர் பக்கமா, வண்டி வயரிங் பக்கமா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. வயரிங் பக்கத்துக் கனெக்டரை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, ப்ரீடென்ஷனருக்குப் பதிலாக அதே அளவு மின்தடை உள்ள ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிப் பார்ப்பது. மாட்டினேன், பேட்டரியை இணைத்தேன், எரர் கோடை அழித்தேன். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, அணைந்தது. வயரிங் நன்றாக இருக்கிறது. பக்கிள்தான் மாற்ற வேண்டும்.

பொன்னுச்சாமி ஐயா விளக்கை மட்டும்தான் பார்த்தார்.

"போயிருச்சு தம்பி! போதும், போதும். இப்பிடியே விட்டுருங்க."

"ஐயா, இது டெஸ்ட்டுக்கு மாட்டுனது. புது பக்கிள் மதுரையில இருந்து வரணும்."

"எப்ப வரும்?"

"அதத்தான் கேக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலாம், வராமலும் போகலாம்."

"அப்பறம் என்னத்துக்கு? அவங்களுக்கு லைட்டு எரியக் கூடாது, அம்புட்டுத்தான். குழந்த பொறந்ததும் நிதானமா மாத்திக்குவோம்."

இப்படி ரெசிஸ்டரை வைத்தே வண்டியை அனுப்பிவிடுகிற கடைகள் உண்டு. கஸ்டமர் சந்தோஷமாகப் போவார். பொன்னுச்சாமி ஐயா கண்ணில் நீர் முட்டி நின்றது. எனக்கும், 'சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"அந்த சீட்டுல யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"சங்கீதாதான். பின்னாடி உக்காந்தா நாலு வளைவு தாண்டாது, வாந்தி எடுத்துரும்."

"இப்ப கம்ப்யூட்டரு இந்த ரெசிஸ்டரைத்தான் பெல்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குங்க. எங்கயாச்சும் இடிச்சா அந்த பெல்ட்டு இறுக்காது. இறுக்காதுன்னு முன்கூட்டியே சொல்லவும் லைட்டு இல்ல. லைட்டு எரியுற வண்டியாவது உண்மையச் சொல்லுது."

அவர் இடது பக்கக் கதவைத் திறந்து, காலியாக இருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கழட்டிருங்க," என்றார்.

விளக்கு மறுபடி சிவந்தது. முத்தையா அண்ணன் போனை எடுத்து மதுரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போட்டார். "அண்ணே, வெரசா வேணும். வளைகாப்புக்குங்க. ஆமா, காருக்குத்தான், காருக்குத்தான் வளைகாப்பு, அனுப்புங்கண்ணே" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வேனில் பக்கிள் வந்து சேர்ந்தது. மாட்டினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. இந்தத் தடவை நியாயமாக.

"நீங்களும் பழனிக்கு வாங்க தம்பி," என்றார் பொன்னுச்சாமி ஐயா. "நான் சொன்னா நம்ப மாட்டாங்க, படிச்ச புள்ள நீங்க சொல்லுங்க. ஆனா ஒண்ணு. பஞ்சாமிர்தம்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்க. ஆசையாக் குடுத்தவங்க. பூண்டு மூட்டை இடிச்சு வயரு விட்டுருச்சுன்னு சொல்லிருவோம்."

4. பூண்டு வாசம்

வெள்ளிக்கிழமை வெள்ளனே இறங்கினோம். அவரும் அவர் மனைவியும் முன்னால், நான் பின்னால் ஸ்கேனரோடு. பழனி அடிவாரம் வரை எத்தனையோ வளைவுகள். ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். விளக்கு வரவில்லை.

வளைகாப்பு முடிந்து, சங்கீதா இரண்டு கையிலும் வளையல் குலுங்க வாசலுக்கு வந்தாள். தனலட்சுமி அம்மா காரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். முகத்தில் சம்மதம் இல்லை.

நான் சாவியைத் திருப்பினேன். "பாருங்கம்மா, இப்ப எரியுது. எரியணும். தன்னைத்தானே சோதிச்சுப் பாக்குது. இந்தா, அணைஞ்சிருச்சு. எரியாமலே இருந்தாலும் தப்பு, அணையாம நின்னாலும் தப்பு."

"என்ன கோளாறாம்?" என்றார் மாப்பிள்ளை கார்த்தி.

"பூண்டு மூட்டைதான் மாப்ள," என்று பொன்னுச்சாமி ஐயா முந்திக்கொண்டார். "ஏத்தும்போது இடிச்சு வயரு விட்டுருச்சு."

தனலட்சுமி அம்மா இடது கதவைத் திறந்தார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார். குனிந்தார். மோந்து பார்த்தார். நான் ஷாம்பு போட்டுத் தேய்த்திருந்தேன்தான், ஆனாலும் கார்ப்பெட் அடியில் ஊறிய வாசனை முழுக்கப் போகவில்லை. முப்பது வருடமாக அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது போதும்.

நிமிர்ந்தார். "ஏண்ணே, போளூர்ப் பூண்டுல ஏலக்கா வாசமா அடிக்குது?"

முதலில் சங்கீதாதான் சிரித்தாள். பொன்னுச்சாமி ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. எங்க டப்பாவா?"

நான் பொன்னுச்சாமி ஐயாவைப் பார்த்தேன். மறைத்தால் அடுத்த டப்பாவும் அதே இடத்துக்குத்தான் போகும்.

"ஆமாங்கம்மா. சீட்டுக்கு அடியில எதுவும் வைக்கக் கூடாது. டிக்கியில வச்சிருங்க."

"நான்தான வச்சேன். உருளாம இருக்கட்டும்னு என் கையாலதான உள்ள தள்ளுனேன்." சங்கீதாவின் வளையல்களைத் தடவிச் சரிசெய்தார். "அதையும் மறைச்சு பழியத் தன் மேல போட்டுக்கிறாரே இந்த மனுசன். சரி, போயிட்டு வரட்டும். ஆனா அவளைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டுத்தான் நான் திரும்புவேன்."

"அம்மா, உனக்கு மலை ஒத்துக்காதே!" என்றான் கார்த்தி.

"உன் சோலியப் பாருடா."

முன் சீட்டை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு பின்னால் தள்ளினேன். பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் வராமல் வயிற்றுக்குக் கீழே இடுப்போடு இருக்க வேண்டும், மேல் பட்டை மார்புக்கு நடுவே வந்து பக்கவாட்டில் இறங்க வேண்டும் என்று சங்கீதாவுக்குச் சொன்னேன். அவளே இழுத்து மாட்டினாள். பக்கிள் 'டக்' என்று பிடித்தது. பின் சீட்டில் இரண்டு அம்மாக்களும் நானும் நெருக்கி உட்கார்ந்தோம்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த லைன், எத்தனை ஓம் மின்தடை என்பதையெல்லாம் ஸ்கேனர் சொல்லிவிடும். அந்த சீட்டில் உட்காரப்போவது யார் என்பதை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், எதை மாட்டுவது எதைக் கழற்றுவது என்பதில் குழப்பமே வராது.

மலை ஏறத் தொடங்கி நாலைந்து வளைவுகள் தாண்டியிருக்காது. தனலட்சுமி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் தட்டினார். பொன்னுச்சாமி ஐயா ஓரமாக நிறுத்தினார். அம்மா கீழே இறங்கி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சங்கீதா பதறிப்போய்ப் பெல்ட்டில் கை வைத்தாள்.

"அத்த, நீங்க முன்னாடி வாங்க. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தபடி திரும்பினார். நிற்கவே தெம்பில்லை, ஆனால் குரல் மட்டும் பழனி கடைத்தெரு வரை கேட்டிருக்கும்.

"பெல்ட்டைக் கழட்டுன, தொலைச்சுருவேன்! நீ அங்கயே உக்காரு!"