பைக்கு அடியில் தெரிந்த பேர்

அம்மாக்கண்ணு அக்காவை 'அவர்' என்று எழுதினால் முதலில் சிரிப்பது அவளாகத்தான் இருக்கும். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பனி மூடி ஆள் தெரியாத நாளில்கூட, எந்த மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்பது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு வாய். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கொழுந்து நிறுக்கும்போது அவளிடம் மட்டும் கணக்குப் பேச மாட்டார். நான் அவள் இருக்கிற அதே லயத்தில், பன்னிரண்டு அறை வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில், பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். ஐந்தாம் காம்பரா அக்காவுடையது, ஆறாவது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் 'நூறு' சொல்லலாம்.

2004இல் அக்காவின் கால் வீங்கியது. பிறகு முகம். பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது என்றார்கள் கண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில். இரண்டு வழி சொன்னார் டாக்டர். ஒன்று, வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். மற்றது, வயிற்றில் ஒரு குழாய் வைத்து வீட்டிலேயே தண்ணீர் மாற்றுவது.

"மெஷினுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் இறம்பொட வளைவுலயே செத்துருவேங்க" என்றாள் அக்கா. "வீட்டுலயே மாத்திக்கிறேன்."

பை நிறைய இரண்டு லீட்டர் மருந்துத் தண்ணீர். அதைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் உள்ளே கிடந்து அழுக்கை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதை வெறும் பையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து. கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், வாயை மூடிக் கட்ட வேண்டும். காற்றோடு தூசி வராமல் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும்.

கடைசிச் சங்கதிதான் பெரிய சங்கடம். எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் ஒன்று புருஷன் பெண்டாட்டி சண்டை, இல்லாவிட்டால் யாருக்கும் கொடுக்காமல் கோழி அடித்துச் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். எந்நேரமும் திறந்து கிடந்த ஐந்தாம் காம்பரா திடீரென்று நாளைக்கு மூன்று தடவை பகலில் சாத்திக்கொண்டது. முதல் வாரமே இரண்டு பேர் அக்காவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா ஒரு வேலை செய்தாள். தான் இனிமேல் தூக்க முடியாத கொழுந்துக் கூடையை எடுத்துக் கதவு ஆணியில் கவிழ்த்து மாட்டினாள். கூடை தொங்கினால் தண்ணீர் மாறுகிறது, வராதே. கூடை இறங்கினால் வா, தேத்தண்ணி குடி. ஒரு மாதத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது பழகிவிட்டது.

மாதம் ஒரு லொறியில் பெட்டி பெட்டியாகப் பைகள் வரும். அக்காவின் வீட்டுக்காரர் இராமையா அண்ணன், ஃபெக்டரி வேலை முடிந்து வந்து, ரோட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து ஏற்றுவார். மனிதர் அதிகம் பேச மாட்டார். அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். தகரக் கூரையிலிருந்து கரி உதிர்ந்து குழாயில் விழக்கூடாது என்று சில பெட்டிகளைப் பிரித்து, கூரைக்குக் கீழே மட்டைகளை வைத்து அடித்தார். எங்கள் லயத்தில் மேற்கூரைக்கு உள்கூரை இருந்த ஒரே காம்பரா அதுதான். பைகளின் மேலுறை நல்ல தடித்த பிளாஸ்டிக். அதை நாற்றுப் பந்தல் கந்தப்பன் வந்து வாங்கிப் போய், அடியில் துளை போட்டு மண் நிரப்பித் தேயிலைக் கன்று வைத்தார்.

வடித்த பைகள்தான் மிச்சம். நாளைக்கு நாலு. எரித்துவிடுங்கள் என்றார் யாரோ. "அந்தப் பொக பன்னெண்டு காம்பராவுக்கும் போவுமே" என்று மறுத்துவிட்டாள். ஓடையில் போடு என்றவனை அவள் வைத வசவு இன்றைக்கும் லயத்தில் பேச்சாக இருக்கிறது.

"என் ஒருத்தி வயித்துக்காக ஓடையெல்லாம் கெடணுமா? கீழ்த் தோட்டத்துல அதத்தானடா குடிக்கிறாங்க!"

வடித்ததைக் கக்கூஸ் குழியில் ஊற்றி, பையை அலசிக் காயவைத்து, வந்த பெட்டியிலேயே அடுக்கி, அடுத்த மாதம் அதே லொறியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குப்பைக்கென்று ஓர் அடுப்பு இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தாள். டிரைவர் மூன்று மாதம் முணுமுணுத்தான். நாலாம் மாதம் பெட்டியைத் தானே கேட்டு வாங்கினான்.

குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் வயிற்றைப் பிடுங்கும். எங்கள் ஊர்க் குளிரைக் கேட்கவா வேண்டும்? அடுத்த பையைக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். "பிள்ளைய அணைச்சுக்கிட்டு கெடக்கேன், டீச்சர்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். பிள்ளை இல்லாதவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

வடித்த தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் வயிற்றுக்குள் கிருமி என்று அர்த்தம். பைக்கு அடியில் பேப்பரை வைத்துப் பாருங்கள், எழுத்துத் தெரிந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு மட்டையில் கொட்டை எழுத்தில் 'அம்மாக்கண்ணு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஏழு எழுத்தை அவள் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்: "டீச்சர், பேரு தெரியுது!" அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

அடுத்த வருடம் ஆடி மாதம் ஒரு காலை சத்தம் வரவில்லை. நானே போனேன். பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கஞ்சித் தண்ணீர்போல் இருந்தது.

"டீச்சர், என் பேரக் காணோம்" என்றாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த துணியைப் பிரித்தேன். துவாரத்தைச் சுற்றித் திருநீறு அப்பியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது; திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே போனவளை நான் பார்த்திருந்தேன். நாலாம் காம்பரா காளியாயி. முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலிலிருந்து வந்தவள், அக்கா பகலில் அசந்து தூங்கும்போது துணியைத் தூக்கித் திருநீற்றை வைத்து, பழையபடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அக்காமேல் அவளுக்கு உயிர். அந்த உயிர்தான் உயிரை எடுக்கப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ காதுல ஒரு வார்த்த விழுந்துச்சு, அப்புறம் ஒங்களோட நான் பேச மாட்டேன். தெரிஞ்சா அவ தாங்க மாட்டா டீச்சர்."

பதினான்கு நாள் கண்டியில் கிடந்து பிழைத்து வந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் குழாயை எடுத்துவிடுவோம், பிறகு மெஷின்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பஸ் பயணத்தை அவள் உடம்பு தாங்காது என்பது லயம் முழுக்கத் தெரியும்.

வந்த அன்றே அக்கா காளியாயியைக் கூப்பிட்டாள். "இனிமே கூட தொங்குற நேரமெல்லாம் இஸ்தோப்புல நீதான் ஒக்காந்திருக்கணும். ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது." எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கையிலா காவலைக் கொடுப்பது? காளியாயி தலையாட்டினாள். அன்றிலிருந்து வாசல் இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். மலைக்குப் போகும் நாளில் பகல் சாப்பாட்டை அங்கேயே வந்து சாப்பிட்டாள். பூனையைக்கூட விட்டுவைக்கவில்லை.

பங்குனியில் திருவிழா வந்தது. கரகம் லயம் லயமாக வரும். ஆத்தா வாசலுக்கு வரும்போது யாரும் கதவைச் சாத்தி வைக்க மாட்டார்கள். அது பெரிய தோஷம். எங்கள் லயத்துக்கு மூன்று மணிக்கு வர வேண்டிய சாமி, மழையால் ஐந்து மணிக்கு வந்தது. தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. கரகம் தூக்கிய அழகன் மஞ்சளும் வேப்பிலையுமாக ஐந்தாம் காம்பராவுக்கு முன்னால் வந்து நின்றார். கதவில் கூடை தொங்கியது.

"என்னா இது? ஆத்தா வந்து நிக்கிறா, கதவத் தொறங்க!" என்று அதட்டினார். பின்னால் கூட்டமும் சத்தம் போட்டது. யாரோ கூடையில் கை வைத்தார்கள்.

நான் ஓடுவதற்குள் காளியாயி எழுந்து கதவோடு முதுகை ஒட்டி நின்றுவிட்டாள். ஆடி வெள்ளி ஒன்று விடாமல் விரதம் இருக்கிறவள்.

"தொறக்க முடியாது. அக்கா கொழா தொறந்து கெடக்கு. ஆத்தாவ நிக்கச் சொல்லுங்க."

"சாமியவா நிக்கச் சொல்ற? தெய்வக் குத்தம்டி!"

"குத்தத்த நான் வாங்கிக்கிறேன்" என்றாள். "போன ஆடியில இந்த ஆத்தா துன்னூற நாந்தான் கொண்டாந்து வச்சேன். அக்காவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன பொறவு கூட்டும்போது பாத்தேன், அந்தத் துணியில ஒட்டியிருந்துச்சு. நாந்தான் அவள சாகக் குடுக்கப் பாத்தவ. இன்னொருக்கா குடுக்க மாட்டேன்."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. எட்டு மாதமாக எல்லாம் தெரிந்தே அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த எட்டு மாதமும் அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. யாரும் போகவில்லை. அழகன் கரகத்தோடு நனைந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் காளியாயி கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அக்கா, பேரு தெரியுதா?"

உள்ளேயிருந்து உடனே பதில் வரவில்லை. அக்கா அழுதால் சத்தம் வராது என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும்.

"தெரியுதுடி, நல்லாத் தெரியுது. இன்னும் பத்து நிமிசம்தான். ஆத்தாவ நனைய விடாத, இஸ்தோப்புல ஒன் பலகையில ஒக்கார வையி."