ஆர்டிஸின் இருநூறு கஜம்

என் மனைவி ஆர்டிஸுக்கு நின்றபடி சுட எண்பது கஜம். முழங்காலிட்டால் நூற்றிருபது. உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டால் இருநூறு. அதற்கு மேலே கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிவிடுவாள். எங்கள் மொன்டானாப் பள்ளத்தாக்கில் இது எல்லோருக்கும் தெரியும். பலருக்கு அது சிரிப்பு.

இந்தக் கணக்கு அவள் சும்மா போட்டதல்ல. பள்ளிப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்ததும், புல் அறுத்த வயலில் காகிதச் சாப்பாட்டுத் தட்டுகளைக் குச்சியில் செருகி நட்டு வைப்பாள். பக்கத்து மேட்டில் ஓடி ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே சுடுவாள். ஒரு குண்டு தட்டுக்கு வெளியே போனாலும் அந்தத் தூரம் அவளுடையதல்ல.

“மேஜை போட்டு, மணல் மூட்டை மேல வச்சுச் சுடறது யாருக்கும் வரும். மலையில எவன் மேஜை போட்டு வச்சிருக்கான்?” என்பாள்.

நான் சுட்டால் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கு ராத்திரி அதிலேயே சாப்பிடலாம்.

அவள் தம்பி மெர்ல் அந்த வருஷம் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான். மேலே பெரிய தொலைநோக்கி. அறுநூறு கஜத்தில் இரும்புப் பலகையை அடித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இலையுதிர் காலத்தில் எல்க் என்னும் பெரிய காட்டு மான்களை வேட்டையாட மூவரும் மலையேறினோம். எங்களூரில் ஆளுக்கு ஒரு பருவத்தில் ஒரு எல்க்தான். எது விழுந்தாலும் கொன்றவர் தன் உரிமச் சீட்டை அதில் கட்டிவிட வேண்டும், அதோடு அவர் வேட்டை முடிந்தது. கொம்பனையும், அதாவது ஆண் எல்க்கையும், சுடலாம் என்கிற சீட்டு அந்த முறை குலுக்கலில் ஆர்டிஸுக்குத்தான் விழுந்திருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைத்தது. மெர்லிடம் இருந்தது பெண் மானுக்கான சீட்டு.

முதல் நாள் காலையிலேயே எதிர்ச் சரிவில் ஒரு கொம்பன் நின்றது. அப்படியொரு கொம்பை நான் பார்த்ததில்லை. தூரமோ நானூறு கஜத்துக்குக் குறையாது.

“அக்கா, இந்தா, என்னோடத எடுத்துக்கோ. நானூறு கஜத்தை வாசல்ல நிக்கிற மாதிரி காட்டும்,” என்றான் மெர்ல்.

“காட்டும்டா. கை என் கைதானே?”

பள்ளத்தில் இறங்கி நெருங்கப் பார்த்தாள். பாதி வழியில் காற்று திரும்பியது. கொம்பன் மோப்பம் பிடித்து ஓடிவிட்டது. சாயங்காலம் கூடாரத்தில் மெர்ல் விடவில்லை. “வீட்டுச் சுவத்துல கொம்புக்குப் பதிலா காகிதத் தட்டு மாட்டிடலாமா அக்கா?” ஆர்டிஸும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் மெர்ல் ஒரு பெண் மானைக் கண்டான். பலத்த காற்று வேறு. ரொம்பத் தூரத்திலிருந்து அவசரமாக முழங்காலிட்டுச் சுட்டான்.

“பட்டுடுச்சு!”

“எங்கடா பட்டுச்சு?” என்றாள் ஆர்டிஸ்.

மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பனியில் ரத்தத் துளிகளைப் பார்த்தபடி அவள் முன்னே நடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் வெட்டவெளியின் ஓரத்தில் அது நின்றது. புதர் இடுப்புயரம். படுத்தாலும் உட்கார்ந்தாலும் பார்வை மறையும். நின்று சுட அவளுக்கு அது தூரம் அதிகம்.

“சுடு அக்கா, போயிடப்போகுது!” மெர்ல் கெஞ்சினான். தன் துப்பாக்கியை அவன் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

“வாய மூடிட்டு நில்லு.”

மரத்துக்கு மரம் பதுங்கி நகர்ந்தாள். விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்துக்கு அருகே புதர் குறைந்திருந்தது. அங்கே ஒரு முழங்காலை ஊன்றினாள். மூச்சு இறங்கும்வரை காத்திருந்தாள். மான் தலையைத் தூக்கியது. அவள் அசையவில்லை. ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே சரிந்தது.

அருகே போய் மண்டியிட்டு, கோட்டுப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்தாள். மெர்ல் அவள் கையைப் பிடித்தான்.

“வேணாம் அக்கா. இதுக்கா அதைக் கட்டற? கொம்பன் இன்னும் இந்த மலையிலதான் இருக்கு.”

“கொன்னது நான்தானே?”

“அடிச்சது நான்.”

“தெரியும். நீ இப்படித் தூரத்துலேருந்து சுடுவேன்னு காலையில கிளம்பும்போதே தெரியும். கையை விடு, இருட்டப்போகுது.”

சீட்டைக் கட்டி முடித்தாள். மெர்ல் தன் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பருவம் முழுக்க அவன் அதைத் தொடவில்லை. இறைச்சியில் பெரிய சுமைகளை அவனே முதுகில் சுமந்து இறக்கினான், எங்களைத் தொடவிடவில்லை.

அடுத்த வாரம் ஊர்க் கடையில் ஒருவன், “கொம்பன் சீட்டு வச்சுக்கிட்டுப் பெண் மானையா கொண்டு வந்தீங்க?” என்று இளித்தான். ஆர்டிஸ் காப்பித்தூளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன், கடைக்கோடி வரை கேட்கும்படியாக. சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“போதும் வெர்ன், வா.”

எனக்குப் போதவில்லை. வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டேதான் போனேன்.