பசித்த தேயிலைக்கு ஒரு பெர்மிட்

போன ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் காய்கறி விளைகிற கியா பார்ம் பக்கம் போயிருந்தேன். ரோட்டோரக் கடைக்காரம்மா ஸ்ட்ராபெரி பாத்தியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மேலாக்கப் போடறீங்களே... போலீஸ் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைக்கோலுக்குப் போலீஸ் எதுக்குலா? அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எதுக்கா? சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்கார ஆட்சியின் அவசரகாலம். நான் தானா ராத்தாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். அவர்கள் கைக்கு ஒரு வாய் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் காவல். சாப்பிடுகிற பொருள் எதுவும் வேலியைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மலையில் கொழுந்து பறித்த பெண்கள் மதியத்துக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை பார்த்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் துரைக்கு வைக்கோல் ஆசை வர வேண்டும்? புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகளுக்கு நடுவே பரப்பினால் மழையில் மண் கரையாது. நல்ல யோசனைதான். பாரிட் புந்தார் வயல்களிலிருந்து லோரியில் வைக்கோல் வந்தது. வழியில் சோதனைச் சாவடிக்காரர்கள் அதில் நாலைந்து நெல்மணிகளைக் கண்டுபிடித்து, லோடு முழுவதையும் இறக்கி உதறச் சொன்னார்கள். நெல் என்றால் அரிசி. அரிசி என்றால் கம்யூனிஸ்ட். சரிதானே?

ஒருவழியாகப் பரப்பி முடித்தோம். போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். ஈப்போக்காரர், நம்மாள்தான் — ஆனால் மகா கறார்.

"இதுக்கடியில அரிசி மூட்டை இருக்கலாம். துப்பாக்கி இருக்கலாம். ஏன், ஆளே படுத்துக் கெடக்கலாம்! எல்லாத்தையும் மண்ணுக்குள்ள போட்டு மூடுங்க."

துரை என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் மூடிக்கொண்டார். உத்தரவு கங்காணி முனியாண்டியிடம் வந்தது. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன். ஆட்களை வைத்து மண்ணைக் கொத்தி, ஒரு துரும்பு வெளியே தெரியாமல் புதைத்துவிட்டார்.

கொஞ்ச நாள் போனது. கன்றுகள் மஞ்சள் பிடிக்க ஆரம்பித்தன. வரிசை வரிசையாக மஞ்சள்... பார்க்கவே சகிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். "விஷம் வச்சிருக்கானுங்க. நாசவேலை! இந்த மண்ணைக் கொத்துனது யாரு?"

கங்காணியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாளில் அப்படிப் போனவர்களை அப்படியே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவதும் உண்டு. முனியாண்டி பிறந்ததே மலாயாவில். இந்தியாவில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பார்? அவர் மனைவி அஞ்சலை ஆபீஸ் வாசலில் நின்று அழுதபடியே இருந்தாள்.

துரை என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு விளக்கினார். வைக்கோல் மண்ணுக்கு மேலே கிடந்தால் மெல்ல மக்கும், தொல்லையில்லை. உள்ளே புதைத்தால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனை முதல் பந்தியிலேயே காலி செய்துவிடும். கன்றுக்கு மிச்சம் இருக்காது. விஷமுமில்லை, நாசவேலையுமில்லை. வெறும் பசி!

"இதை நீங்களே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலாமே துரை?"

துரை ஜன்னல் வழியாக மலையை ரசிக்கத் தொடங்கினார். புதைக்கச் சொன்னதே இன்ஸ்பெக்டர்தானே... அவரிடம் போய் யார் சொல்வது?

யார்? நான்தான்.

"ஐயா, கன்னுங்களுக்குப் பசி. வேற ஒண்ணுமில்ல. அம்மோனியம் சல்பேட் போட்டா பச்சையாயிடும்." புதைக்கச் சொன்னது யார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் குடும்பம் இருந்தது.

அவர் மீசையைத் தடவினார். "பச்சையாச்சுன்னா ஒங்க கங்காணிய விட்டுடறேன். ஆகலைன்னா கப்பல்தான்."

வேலிக்குள் இருந்த ஸ்டோரிலிருந்து உர மூட்டைகளோடு லோரி கேட்டுக்கு வந்தது. மலாய்க்காரக் காவலாளி மறித்தான். இது என்ன? உரம். எதுக்கு? செடிக்குச் சாப்பாடு என்று சொல்லிவைத்தார் டிரைவர் ராசு.

"தா போலே!" என்றான் காவலாளி. முடியாதாம். சாப்பாடு வேலியைத் தாண்டக் கூடாதாம். கடைசியில் இன்ஸ்பெக்டரே வந்து பெர்மிட் எழுதி முத்திரை குத்தினார் — வேலிக்கு வெளியே பசித்திருக்கும் தேயிலைக்கு உணவளிக்க அனுமதி!

அப்புறம் தோட்டமே இலை பார்த்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லோரும் கன்றுகளிடம் ஓடினார்கள். "பச்சையாயிடு தாயீ... எம்புருசனக் குடுத்துடு தாயீ" என்று அஞ்சலை ஒரு கன்றின் முன்னால் உட்கார்ந்து கெஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். "கிராணி, ஸ்டோர்ல பச்சை பெயிண்ட் கெடக்கு" என்று ராசு மெதுவாக ஆரம்பித்தார். வாயை மூடச் சொன்னேன். ஆனால் ஸ்டோருக்குப் போய், பெயிண்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நல்லவேளை, பச்சை தானாகவே வந்தது. இன்ஸ்பெக்டர் ஓர் இலையைக் கிள்ளி, வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டரே ஜீப்பில் முனியாண்டியைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கினார். ஆள் பாதியாகியிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லையாம். அடையாள அட்டையைச் சரிபார்த்து முடிக்கும்வரை உள்ளே விட முடியாது என்றான் காவலாளி. அஞ்சலை முந்தானையில் ரொட்டியை மூடிக்கொண்டு ஓடிவந்து, கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள்.

"தா போலே!"

அஞ்சலை இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஐயா, வேலிக்கு வெளிய நின்ன தேயிலைக்குக் குடுத்தீங்களே... அதே வேலிக்கு வெளிய நிக்கிற மனுசனுக்குக் குடுக்கக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே யோசித்தார். கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவே மாட்டேன். முனியாண்டியின் முகவாயைப் பிடித்து, வெயிலில் நிமிர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் மஞ்சளாகலையேம்மா..." என்றார்.