கேட்டால் மருந்து பலிக்காதாம்

சந்தையில் புளியமரத்தடியில் மேசை போட்டுக் கண்ணாடி விற்பவரை எங்கள் மலையில் ‘கண் டாக்டர்’ என்றுதான் சொல்வோம். அவர் அப்படி ஒரு போர்டும் வைக்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், எழுத்து அட்டையைக் காட்டினார், நாங்களே பட்டம் கொடுத்துவிட்டோம். பட்டத்தோடு சாமையும் தேனும் கொடுத்தோம்.

நாற்பது தாண்டியதும் எனக்குச் சாமையில் கல் பொறுக்க முடியவில்லை. அவர் கொடுத்த கண்ணாடியைப் போட்டதும் கல் தனியாக, சாமை தனியாகத் தெரிந்தது. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம் வந்தது வேறு. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வண்ண வளையம். புருவத்துக்கு மேல் குடைச்சல். புளி உலுக்கும்போது இடது பக்கம் விழுந்த கிளை தோளில் பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் போனேன், கண்ணாடியை மாற்றினார். மறுபடி போனேன், மறுபடி மாற்றினார். வளையம் அப்படியே இருந்தது. அடுத்த சந்தைக்கு என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நீங்க டாக்டருங்களா?” என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். எங்கள் பக்கம் அதைக் கேட்கவே கூடாது. பாம்புக்கடிக்கு வேர் கொடுப்பவரிடம் ‘நீ யார், எங்கே கற்றாய்’ என்று கேட்டால் மருந்து பலிக்காது என்பார்கள். அந்த வழக்கம் வேரோடு நிற்கவில்லை. ஊசி, மாத்திரை, கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் அட்டையைத் துடைத்தார். “இல்லம்மா. பவர் பாத்து கண்ணாடி போட்டுத் தர்றவன் நானு. நோவு, வளையம்லாம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார்.

“இத முன்னாடியே சொன்னா இன்னாங்க?”

“யாரும் கேக்கலியேம்மா. சொன்னா சனம் வராதுன்னு எனக்கும் பயம்.”

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், மீதி எங்கள்மேல்.

மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எழுத்துப் படிக்கச் சொன்னாள், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஒரு கருவியால் அளந்தாள். “வெளிய உக்காருங்க, கூப்பிடுவாங்க” என்றாள். வீட்டுக்காரர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “அதான் டாக்டரம்மா பாத்துட்டாங்களே, கூப்ட்டு இன்னா, கண்ணாடி தருவாங்க. அத நம்ம சந்தையிலயே வாங்கிக்கலாம். வா, பஸ் போய்டும்.”

அந்த பஸ்ஸை விட்டால் மலைக்கு வேறு பஸ் இல்லை. அவர் வாசல்வரை போய்விட்டார். நான் திரும்பி உள்ளே நுழைந்தேன்.

“நீங்க டாக்டருங்களா?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “இல்லைங்க, நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வைய சோதிக்கிறதுக்குன்னே படிச்சவ. கண்ணுல கோளாறு இருக்கான்னு பாத்து டாக்டர்கிட்ட அனுப்புவேன். வைத்தியம், ஆபரேஷன்லாம் டாக்டர்தான். உங்களுக்கு அழுத்தம் அதிகமா இருக்கு. அவரைப் பாக்காம போய்டாதீங்க.”

“பஸ் போனா போவட்டும்” என்று வீட்டுக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணின் அழுத்தம் உள்ளே நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். “இடது பக்கம் போன பார்வை இனி வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். லேசர் வெக்கணும், சொட்டு மருந்து விடாம போடணும்.”

“அந்த பஸ்ஸுல போய்ட்டிருந்தா?” என்று கேட்டேன்.

“மறுபடி வர்றதுக்குள்ள இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.”

வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். பஸ் போய்விட்டிருந்தது; மலையேறும் வழியெல்லாம் என் இடது பக்கமாகவே நடந்து வந்தார்.

இப்போது சந்தை நாளில் கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களை விசாரிக்கிறேன். எழுத்து மங்கலா, உட்கார். வலியா, சிவப்பா, வளையமா, ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறு. அங்கேயும் யார் எதைப் பார்க்கிறார் என்று வாயைத் திறந்து கேள். கண்ணாடிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது தானே, “நான் டாக்டர் இல்லீங்க” என்று ஆரம்பிக்கிறார்.

ஊர் என்னை வாயாடி என்கிறது. போன சந்தையில் பக்கத்து வீட்டுக்காரி என் இடது பக்கம் வந்து நின்று, “அவரப் போயி யாருன்னு கேட்டியே, ஒனக்கு மருந்து பலிச்சுதா?” என்றாள். அவள் முகம் தெரிய நான் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிச் சொன்னேன்:

“கேக்காம இருந்தப்பதான்டி இந்தப் பக்கம் போச்சு.”