அடையில் மாற்றி வைத்த முட்டைகள்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து கோணலாக வரும், நடந்ததும் முன்னே பின்னே மறந்துபோகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் கொழுந்தனார் பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். மூலக்குளத்தில் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு ஒரு சோடி ஈமுக்கோழி வளர்க்கிறார். ஆள் உயரம் நிற்கும், பறக்காது. தீனி வைப்பது நான். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் சாப்பிடாமல் அடைகாக்கும்.

போன இரண்டு அடையிலும் குஞ்சுகள் கால் முறுக்கிப் பிறந்து செத்தன. மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே பண்ணையில வாங்கினதா? அப்ப அண்ணன் தங்கச்சியா இருக்கும். காட்டுல திரியறதுங்க பல வழியில வந்து சேருது, ஒரு நோய் வந்தாலும் கொஞ்சமாவது தப்பிக்கும். இங்க முக்காவாசி பண்ணைங்கள்ல ஒரு நாலஞ்சு பறவையோட வாரிசுதான். ஆணைக் குடுத்துட்டு வேற மாத்துங்க."

கொழுந்தனார் முகம் சுருங்கிவிட்டது. அவர் குரல் கேட்டால் அந்த ஆண் வேலிக்கு ஓடிவரும்.

"அதைக் குடுத்துட்டு நான் யாரோட பேசறது அண்ணி?" என்று உள்ளே வந்தார்.

"வூட்டுக்காரிகிட்ட இவ்ளோ பேசியிருந்தா அவ பிரான்சுல புள்ளைங்களோட தங்கியிருக்க மாட்டா தம்பி."

பின்னாலேயே வந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, அது இங்கயே இருக்கட்டும். முட்டைய மாத்தலாம். அடையில உக்காந்துட்டா அது யார் முட்டைன்னு பாக்காது."

வேறு வேறு வழியில் வந்த பறவைகள் என்று வில்லியனூரில் ஒரு பண்ணையும் பாகூரில் ஒரு பண்ணையும் டாக்டரம்மாவே சொன்னார். அடுத்த அடைக்கு ஆண் உட்கார்ந்ததும், இரண்டிலும் வாங்கின கரும்பச்சை முட்டைகளைப் பழம்புடவையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எந்த ஊர் முட்டை என்று சுண்ணாம்பால் குறி போட்டேன். கொழுந்தனார் ஆணின் தலைப்பக்கம் நின்று ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, நான் வால்பக்கம் கைவிட்டு மாற்றினேன். எடுத்த முட்டையை ஆம்லெட் போட்டோம்.

குஞ்சுகள் உடம்பெல்லாம் வரி வரியாக வந்தன. கால் நேராக இருந்தது. கொழுந்தனார் மடக்கு நாற்காலியை வேலியோரம் போட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை.

ஓட்டை உடைத்து வரும்போதே குறி பார்த்துக் காலில் கட்டினேன். வில்லியனூர்க் குஞ்சுக்குக் கறுப்புக் கயிறு, பாகூருக்குச் சிவப்பு. பெரிதானதும் கறுப்பையும் சிவப்பையும்தான் சோடி சேர்க்க வேண்டும். இரண்டு குஞ்சின் கயிற்றை அந்த ஆண் கொத்தி எடுத்துவிட்டது. ஞாபகத்தில் இருந்தபடி மறுபடி கட்டினேன். என் ஞாபகத்தை நம்பிச் சோடி சேர்த்தால் திரும்ப அண்ணன் தங்கை ஆகிவிடலாம். இறகு கொடுத்தால் எந்தக் குஞ்சு எந்தப் பண்ணை வழி என்று பரிசோதித்துச் சொல்கிற இடம் இருக்கிறதாம். யாராவது அந்த இரண்டையும் சரிபார்த்துக் கொடுங்கள்.