கங்காணியைப் பிடித்த நாள்

அண்ணன் முழங்கால் வரை தண்ணீரில் நின்று ஒரு மீனை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கரையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. மீனும் கொஞ்சம் குழம்பித்தான் போயிருந்தது.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஈப்போவிலிருந்து பேராக் மாநிலம் முழுக்க மெத்தை கொண்டுபோகும் லாரியின் டிரைவர். நான் ஏற்றி இறக்கும் ஆள். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு, எந்த வேலையிலும் நிற்காமல் ஓடி, கடைசியில் ஓடுவதற்கே சம்பளம் தரும் வேலையில் வந்து சேர்ந்திருந்தேன். வாடகைக்கு வழியில்லாத மாதங்களில் விற்கப்போகும் மெத்தைகளின் மேல்தான் தூங்கினேன். பிளாஸ்டிக் உறை கிழியாமல் புரண்டு படுக்க எனக்கு இன்றும் தெரியும்.

எந்தப் பாலத்தைக் கண்டாலும் அண்ணனின் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். அதுவும் முதன்முறை பார்க்கும் ஆறு என்றால் கேட்கவே வேண்டாம். தெரிந்த ஆற்று மீன்களுக்குத் தன் முகம் பழகிவிட்டது என்பார். சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு தூண்டில்கள் இருக்கும். மூன்று வருடங்களில் அவர் பிடித்தவை ஒரு செருப்பு, ஒரு துண்டு வலை, என் சட்டைக் கை. தப்பித்த மீன்கள் மட்டும் ஆளுயரம்.

அண்ணியின் பொறுமை ஒரு தீபாவளியோடு முடிந்தது. விருந்துக்குத் தானே மீன் கொண்டு வருவதாகச் சொல்லி அவரைச் சந்தைக்குப் போகவிடாமல் அண்ணன் தடுத்துவிட்டார். கடைசியில் அரைத்த மசாலாவில் முட்டையைப் போட்டார்கள். அப்புறம் அண்ணி கெடு வைத்தார். "சனிக்கிழமைக்குள்ள ஒரு மீனக் கண்ணுல காட்டுங்க. இல்லன்னா ரெண்டு தூண்டிலும் என் தம்பிக்குத்தான்." தம்பி, குளம் வெட்டி மீன் வளர்த்து, காசு வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுபவர். "கோழிக் கூண்டுக்குள்ள வேட்டையாடுறவன்கிட்டயா என் தூண்டில்?" என்று வழியெல்லாம் புலம்பினார் அண்ணன்.

அன்று அந்தச் சனிக்கிழமை. சுங்காய் டவுனில் ஒரு கடைக்கு இருபது மெத்தைகள். குறுக்கு வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் போய்விட்டன, முனீஸ்வரர் கோயில் மட்டும் மிச்சம். அதன் பின்னால் நாங்கள் பார்த்தேயிராத ஓர் ஆறு. கீழே கிடந்த செம்பனைப் பழத்தை முள்ளில் குத்திப் போட்டார். ஐந்து நிமிடத்தில் கம்பு வில்லாக வளைந்தது. அரை மணி நேரம் இழுத்து, பாதி தூரம் மீன் அவரை இழுத்து, ஒருவழியாகக் கட்டிப்பிடித்துவிட்டார். பெரிய கெலா மீன்.

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து ஓர் அக்கா, கையில் சோற்றுத் தட்டோடு ஓடி வந்தார்.

"அண்ணே, விடுங்க! அது சாமி மீனுலா!"

தோட்டத்து ஆள்கள் டவுனுக்குப் போனபின் படையல் பொங்கலைச் சாப்பிட ஆளில்லாமல் ஆற்றில் போட்டார்களாம். அப்படியே மீன்கள் சாமியுடையவை ஆகிவிட்டன. அக்கா சுங்காயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சோறு போடுகிறார்.

"இது பேரு கங்காணி. மொதல்ல வந்து தின்னுட்டு, மத்ததையெல்லாம் வெரட்டும்."

அண்ணனின் கண்கள் விரிந்தன. "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. வேல வாங்குற கங்காணியக் கண்டா சைக்கிள விட்டு எறங்கிருவாரு. நான் கங்காணியவே தூக்கி வச்சிருக்கேன் பாருடா!"

"தூக்கினது போதும்ணே, அதுக்கு மூச்சு வாங்குது" என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் மச்சானின் குளம் தெரிந்தது. பிறகு முள்ளை மெல்லக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார். அவசரத்தில் நான் எடுத்த படத்தில் அவருடைய முழங்கை மட்டும் இருந்தது.

சாமி மீனைத் தொட்டவர் தன் கையால் பொங்கல் வைத்துப் போட வேண்டுமாம். கோயில் பானையில் அண்ணன் பொங்கல் வைத்தார், அடிப்பிடித்தது. கடைக்காரர் மூன்று முறை அழைத்தார். "சாமி காரியம் பாஸ், மெத்த வந்துரும்" என்றேன். முதல் கவளம் விழுந்ததும் ஆறே கொதித்தது. நூற்றுக்கணக்கான மீன்கள் அவர் காலை மோதின.

"டேய், மூணு வருஷமா எங்கடா இருந்தீங்க?" என்று கத்தினார்.

சாட்சிக்கு அண்ணியை வீடியோவில் அழைத்தார்.

"இத்தன மீனு காலச் சுத்துது, ஒண்ணு புடிக்கத் தெரியலயா?" என்றார் அண்ணி.

"புடிச்சேன் புள்ள. சாமி மீனுன்னாங்க, விட்டுட்டேன்."

"ஆமாக்கா, நான் பாத்தேன்" என்றார் கோயில் அக்கா.

அண்ணி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "எத்தன கிலோ இருக்கும்?"

அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி, "மூணு" என்றார். வாழ்க்கையில் அவர் குறைத்துச் சொன்ன ஒரே மீன் அதுதான்.

"அந்தா, முன்னாடி நின்னு மத்தத வெரட்டுதே, அதுதானே? அஞ்சுக்குக் கொறையாது. தூண்டில மழையில நனைய விடாம வீடு வந்து சேருங்க."

இப்போது லாரியை நான் ஓட்டுகிறேன். அண்ணன் ஓய்வுபெற்றுத் தஞ்சோங் ரம்புத்தானில் வீட்டோடு இருக்கிறார். வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வது அண்ணிதான். அண்ணன் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருப்பார். போன மாதம் நான் போயிருந்தபோது மீன் எட்டு கிலோ ஆகியிருந்தது.